கட்டிக்குப் பெயர் சொல்லும் சோதனை யாருக்குக் கிடைக்கிறது?

2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளுக்குள் நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், முதல் ஆண்டிலேயே 200 மையங்கள் திறக்கப்படும் என்றும் அறிவித்தது. 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. மருந்து ஏற்றும் படுக்கை மாவட்டத் தலைநகருக்கு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் படுக்கையில் கிடத்தப்படும் பெண்ணின் மார்பில் இருப்பது எந்தக் கட்டி என்பதை யார், எங்கே, எந்தச் சோதனையின் மூலம் கண்டறிவார்கள் என்ற கேள்விக்கு அந்த உரையில் இடமில்லை. நோயின் பெயர் தெரியாமல் ஏற்றப்படும் மருந்து வீணாகலாம். சில வேளைகளில் கேடாகவும் முடியலாம்.

மார்பகக் கட்டியின் பெயரை இன்று தீர்மானிப்பதில் பெரும் பங்கு திசுவிலுள்ள புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் ஒரு சோதனைக்கு உண்டு. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்பது அதன் நீண்ட பெயர். மருத்துவமனை வழக்கில் ஐ.எச்.சி. கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட திசு பார்மலினில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாகச் சீவப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டுமே தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதன்மேல் இடப்படுகிறது. அந்தப் புரதம் உயிரணுவில் இருந்தால் நுண்ணோக்கியில் பழுப்பு நிறம் தெரியும், இல்லையென்றால் தெரியாது. வெறும் சாயத்தில் ஒன்றுபோலவே தோன்றும் உயிரணுக்கள் எங்கிருந்து தோன்றியவை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை இந்தப் பழுப்பு நிறம் பிரித்துக் காட்டுகிறது.

சாதாரண மார்பகப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்று புரதங்களைத் தேடுவது உலகெங்கும் கட்டாயமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அத்தியாவசியப் பரிசோதனைகள் பட்டியலின் இரண்டாம் பதிப்பு இவற்றை இணைத்துக்கொண்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது என்று தெரிந்தால் டாமாக்சிஃபென் மாத்திரை கொடுக்கலாம். நாளொன்றுக்குச் சில ரூபாய் மட்டுமே செலவாகும் அந்த மாத்திரையை ஐந்தாண்டுகள் உட்கொண்டால் இவ்வகை நோயில் இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்ட மலிவான மருந்து அது. அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லும் சோதனைதான் ஏழைக்கு எட்டாமல் நிற்கிறது.

இது எல்லோருக்கும் நேரும் கொடுமை. அரிய வகைக் கட்டி வந்தவருக்கு நேர்வது இதனினும் கொடியது.

மூன்று சோதனையில் அடங்காத கட்டிகள்

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் சில நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படுபவை. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்பது அவற்றுள் ஒன்று. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டியை ஒத்தது. இதில் மேற்சொன்ன மூன்று புரதங்களும் பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்றும் இல்லையென்றால் டிரிபிள் நெகட்டிவ், அதாவது மார்பகப் புற்றுநோயிலேயே கடுமையானது என்பதே பொதுவான முடிவு. அதற்குக் கடும் வேதிச் சிகிச்சை கொடுக்கப்படும். அடினாய்டு சிஸ்டிக் கட்டியோ மெல்ல வளர்வது. அறுவைச் சிகிச்சையோடு பெரும்பாலோர் நலம்பெறுவர். சி.டி.117, பி63, எம்.ஒய்.பி. போன்ற புரதங்களையும் தேடிப் பார்த்தால் இது புலப்படும். மூன்றோடு சோதனையை நிறுத்திவிட்டால், தேவையே இல்லாத நஞ்சை மாதக்கணக்கில் ஒரு பெண்ணின் உடலில் ஏற்ற நேரிடும்.

மார்பகத்தில் தோன்றும் லிம்ஃபோமா இன்னொன்று. இது நிணநீர் உயிரணுக்களின் புற்றுநோய். ஊசியால் எடுத்த சிறு திசுவில் வேகமாகப் பெருகும் சாதாரண மார்பகப் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடியது. இதற்கு மார்பகத்தை அகற்ற வேண்டியதில்லை. மருந்துச் சிகிச்சையும் தேவைப்பட்டால் கதிர்வீச்சுமே வழி. பெரும்பாலான நேர்வுகளில் ரிடுக்சிமாப் என்ற மருந்து பயன்படும். அதன் இந்தியத் தயாரிப்பு 2007 முதலே சந்தையில் உண்டு. சி.டி.20 என்ற ஒரே ஒரு எதிர்ப்பொருள் ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் இருந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய மார்பகம், அது இல்லாததால் அறுத்து எறியப்படும்.

கதிர்வடிவ உயிரணுக்களைக் கொண்ட கட்டிகள் நோய்க்கூறியல் மருத்துவருக்கே சவால். மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா, தீய வகை ஃபில்லாய்ட்ஸ் கட்டி, ஃபைப்ரோமெட்டோசிஸ் ஆகிய மூன்றும் ஊசித்திசுவில் அண்ணன் தம்பிகளைப்போல் இருக்கும். முதலாவது புற்றுநோய், அக்குள் நிணநீர் முடிச்சுகளைப் பார்க்க வேண்டும், வேதிச் சிகிச்சை வேண்டும். இரண்டாவதைச் சுற்றிலும் நல்ல திசு விளிம்போடு அகற்ற வேண்டும். அக்குளில் கைவைக்கத் தேவை பொதுவாக இராது. மூன்றாவது உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவதே இல்லை. பலருக்குக் கண்காணிப்பே போதும். இவற்றைப் பிரித்தறிய கெராட்டின் வகைகள் பலவும், பி63, பீட்டா-கேட்டனின், சி.டி.34 ஆகியவையும் தேவை. ஒரு கெராட்டின் இல்லை என்று வந்தால் அதை மட்டும் நம்பவும் இயலாது. மெட்டாபிளாஸ்டிக் கட்டியில் கெராட்டின் திட்டுத்திட்டாகவே தெரியும். குழந்தைகளிடமும் காணப்படும் செக்ரீட்டரி கார்சினோமாவுக்கு வேறு எதிர்ப்பொருள்கள். இரத்தநாளத்தில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவுக்கு வேறு.

அரிய நோய்தானே என்று கைகழுவ முயல்வோர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். இதில் நூற்றில் ஒன்று என்றாலே ஆண்டுக்கு 1,900க்கு மேற்பட்ட பெண்கள். ஒவ்வொரு வகையும் அரிதுதான். எல்லா அரிய வகைகளும் சேர்ந்தால் ஒரு சிறு நகரம். அந்த நகரம் நாடெங்கும் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சந்தை போடும் கணக்கு

தனியார் ஆய்வகங்களில் இந்தச் சோதனைக்கு ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியே கட்டணம். மூன்று புரதம் பார்க்க ஒரு தொகை. பன்னிரண்டு பார்க்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு. சாதாரணக் கட்டி வந்தவரைவிட அரிய கட்டி வந்தவர் தன் நோயின் பெயரை அறியவே பன்மடங்கு செலவிட வேண்டும். கூலித் தொழிலாளியின் குடும்பத்தில் இந்தக் கணம்தான் தீர்மானகரமானது. 'இன்னும் சில மார்க்கர் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்' என்று அறிக்கையின் கடைசி வரியில் எழுதப்பட்டிருக்கும். அந்த வரியோடு பலரது பரிசோதனை முடிந்துவிடுகிறது.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை அல்லது குறைவு. ஆனால் அங்கே பல இடங்களில் அந்த மூன்றைத் தாண்டி எதிர்ப்பொருள் இருப்பு இராது; இருந்தது காலாவதியாகியிருக்கும்; மறு கொள்முதல் கோப்பில் உறங்கும். எனவே நோயாளியின் மகனோ கணவனோ அந்த மெழுகுக் கட்டியை ஒரு உறையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரயிலேறுகிறார். பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் மும்பைக்கும் வேலூருக்கும் இப்படிப் பயணம் செய்யும் மெழுகுக் கட்டிகளுக்குக் கணக்கில்லை. கோடை வெயிலில் மெழுகு இளகும், சீட்டு கிழியும், சில தொலைந்தும் போகும். தொலைந்தால் அந்தப் பெண்ணின் நோய்க்கான ஒரே சான்றும் தொலைந்தது.

குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் என்று விளம்பரம் செய்யப்படும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இங்கே எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது? மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவைத்தான் அத்திட்டம் கணக்கில் எடுக்கிறது. பலபுரதச் சோதனையின் முடிவு வரவே ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஆகும். நோயின் பெயர் தெரிவதற்கு முன்பு நோயாளி காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார். பெயர் தெரிந்தபின் உள்ளே அழைக்கப்படுகிறார். சிகிச்சையைக் கட்டுக்கட்டாக விலைபேசித் தனியார் மருத்துவமனைக்குப் பணமாக மாற்றித் தரும் திட்டத்தில், நோயறிதலுக்கு இதற்கு மேல் இடம் இருக்க முடியாது.

பார்மலின் குப்பியில் தொடங்கும் பிழை

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். சோதனையே பொய் சொல்லும் நிலையும் உண்டு. திசு வெட்டியெடுக்கப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் பத்து விழுக்காட்டு நடுநிலை பார்மலினில் இடப்பட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். பார்மலின் திசுவுக்குள் மிக மெதுவாக ஊடுருவும் என்பதால், பெரிய கட்டியை உடனே துண்டுகளாகக் கீறிவைக்கவும் வேண்டும். ஆள் பற்றாக்குறையுள்ள சிறு மருத்துவமனையில் நடப்பது வேறு. அகற்றப்பட்ட மார்பகம் முழுதாக ஒரு சிறு குப்பியில் திணிக்கப்படும். சனிக்கிழமை வெட்டியது திங்கட்கிழமை மாலை ஆய்வகத்துக்குப் போகும். அதற்குள் நடுப்பகுதி அழுகத் தொடங்கியிருக்கும். ஏற்பிப் புரதம் சிதைந்திருக்கும். பழுப்பு நிறம் வராது. 'நெகட்டிவ்' என்று அறிக்கை வரும்.

இந்தியப் பெண்களிடம் டிரிபிள் நெகட்டிவ் வகை மேலைநாடுகளைவிடக் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இளம் வயதில் நோய் வருவது உள்ளிட்ட உயிரியல் காரணங்கள் அதற்கு இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி பார்மலின் குப்பியில் உற்பத்தியானது என்ற ஐயத்தை நோய்க்கூறியல் வல்லுநர்கள் நெடுநாளாக எழுப்பி வருகின்றனர். மரபணுவின் மீது பழிபோடுவது எளிது. அறுவை அரங்கில் ஒரு ஊழியரை நியமிப்பது அரசுக்குச் செலவு.

இப்பிழையின் விலை என்ன என்பதைக் கனடா அறியும். அந்நாட்டின் நியூஃபவுண்ட்லாந்து மாநிலத்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனைகளை மறுபடி செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 400 பேருக்குத் தவறான முடிவு தரப்பட்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, 2009இல் அறிக்கை வெளியானது. பயிற்சி, மேற்பார்வை, தரக் கட்டுப்பாடு ஆகிய எல்லாவற்றிலும் ஓட்டை. அங்கே பொது மருத்துவ அமைப்பு இருந்ததால் பழைய கட்டிகளைத் தேடியெடுத்து மறுபடி சோதிக்க முடிந்தது, மக்கள் கேள்வி கேட்க முடிந்தது. எண்ணற்ற தனியார் ஆய்வகங்களில் சிதறிக் கிடக்கும் இந்தியச் சோதனைகளை மறுபடி பார்ப்பது யார்? தர அங்கீகாரம் பெறுவதே இங்கு ஆய்வகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

பழுப்பு நிறத்தை வரவழைப்பது ஆய்வகத் தொழில்நுட்பரின் கை. மெழுகைச் சீவும் கத்தியின் கோணம், கரைசலின் கார அமிலத் தன்மை, சூடேற்றும் நிமிடங்கள் என ஒவ்வொன்றும் பழகித் தேர்ந்த கைக்கே வசப்படும். அந்தக் கைகள் இன்று ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கின்றன. ஐந்தாண்டில் கற்ற திறனோடு ஒருவர் கூடுதல் ஊதியம் தேடித் தனியார் ஆய்வகச் சங்கிலிக்குப் போய்விட்டால், அரசு ஆய்வகம் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பொதுச் சொத்தாகப் பிறந்த அறிவியல்

எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துத் திசுவில் நுண்ணுயிரின் பொருளைத் தேடும் முறையை ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் அமெரிக்காவில் உருவாக்கினார். ஒரே புரதத்தைத் துல்லியமாகப் பற்றும் ஓரின எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியை 1975இல் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும் கண்டனர். அர்ஜென்டினாவில் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீதான அரசியல் அடக்குமுறையைச் சகிக்காமல் பதவி விலகி வெளியேறியவர் மில்ஸ்டைன். இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது பிரிட்டன் மக்களின் வரிப்பணத்தில் இயங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில். அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்துக்கு அந்த முறை இலவசமாகக் கிடைத்தது.

அந்தப் பொதுச் சொத்தின்மேல் எழுப்பப்பட்ட கோட்டைகளைப் பாருங்கள். ஹெர்-2 புரதத்தைத் தாக்கும் டிரஸ்டுசூமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அந்தப் புரதத்தைக் கண்டறியும் சோதனைப் பெட்டியும் கூடவே அனுமதி பெற்றது. சாயமேற்றும் எந்திரங்களைத் தயாரிக்கும் வென்டானா நிறுவனத்தை ரோச் 2008இல் வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கிய ஜெனென்டெக்கை மறு ஆண்டே முழுமையாகத் தன்வசப்படுத்தியது. நோய் இருக்கிறதா என்று சொல்லும் எந்திரமும், அதற்கான மருந்தும் ஒரே முதலாளியின் கையில்! இந்த எந்திரங்களில் பல, அதே நிறுவனத்தின் கரைசல்களோடு மட்டுமே இயங்குபவை. எந்திரத்தை 'இலவசமாக' நிறுவிவிட்டு, ஆண்டுக்கணக்கில் கரைசல்களை அவர்களிடமே வாங்கும்படி ஒப்பந்தம் போடுவது இத்துறையில் வாடிக்கை. அதிகம் விற்கும் எதிர்ப்பொருளுக்கு முன்னுரிமை. அரிய கட்டிக்கானது ஆண்டுக்குப் பத்து முறை பயன்பட்டால் அதை வாங்கி வைப்பதே நட்டம்.

இந்தக் கோட்டையில் விரிசல் விழுந்ததும் உண்டு. டிரஸ்டுசூமாப் குப்பி ஒன்று ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற நாட்களில், பெண்கள் அமைப்புகளும் மக்கள் நல்வாழ்வு இயக்கங்களும் 2012இல் கட்டாய உரிமம் கோரிக் களமிறங்கின. 2013இல் ரோச் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் இந்திய நிறுவனத்தின் ஒத்த மருந்து 57,500 ரூபாய்க்கு வந்தது. 2015இல் அது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்தது. மருந்துக்காக நடந்த அந்தப் போராட்டத்தைப் போல நோயறிதலுக்காக ஒன்று இன்னும் நடக்கவில்லை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை டிரஸ்டுசூமாப் டெரக்ஸ்டிகானுக்குச் சுங்க விலக்கு தந்தது. ஹெர்-2 மங்கலாகத் தெரியும் கட்டிகளுக்கும் பயன்படும் மருந்து அது. அந்த மங்கலை 'இல்லை' என்று படிப்பதா, 'சிறிது உண்டு' என்று படிப்பதா என்பதில் தேர்ந்த மருத்துவர்களே முரண்படுவார்கள். படிக்க ஆளும் தரமான சாயமும் இல்லாத ஊரில் அந்த வரிவிலக்கு யாருக்குப் பயன்பட்டது?

ஆராய்ச்சியிலும் இதே ஏற்றத்தாழ்வு. மனித உடலின் புரதங்கள் அனைத்தையும் திசு திசுவாகச் சாயமேற்றிப் படமாக்கும் மனிதப் புரத வரைபடத் திட்டம் 2003இல் சுவீடனில் தொடங்கியது. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதன் இலட்சக்கணக்கான படங்களை நுணுகிப் படித்துக் குறிப்பெழுதியதில் மும்பையில் இயங்கிய ஒரு நோய்க்கூறியல் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியக் கண்கள் உலகத்துக்கு வரைபடம் தந்தன. இந்தியப் பெண்களின் அரிய கட்டிகளோ நூறு மருத்துவக் கல்லூரிகளின் அலமாரிகளில் மெழுகாக உறைந்து கிடக்கின்றன. ஒரு மருத்துவமனையில் பத்தாண்டுக்கு ஐந்தாறு என்று வரும் கட்டியைப் பற்றித் தனியொரு மருத்துவமனையால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒரே முறையில் சாயமேற்றிப் பார்த்தால் மட்டுமே இங்கே இந்நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியும். அதுவரை வேறு நாட்டுப் பெண்களின் திசுவிலிருந்து எழுதப்பட்ட பாடநூலே இந்தியப் பெண்ணின் சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

அடிப்படைச் சோதனையே கிடைக்காத நாட்டில் அரிய கட்டிகளுக்காக ஏன் வாதாட வேண்டும் என்று சிலர் நேர்மையாகவே கேட்கக்கூடும். இரண்டும் ஒரே மேசையில், ஒரே நுண்ணோக்கியில், அதே தொழில்நுட்பரின் கையால் நடப்பவை. மூன்று புரதத்தை ஒழுங்காகப் பார்க்கும் ஆய்வகத்துக்கு முப்பது புரதத்தைப் பார்க்கத் தேவைப்படுவது கூடுதல் குப்பிகளும் குளிர்பெட்டியும்தான். மாவட்டந்தோறும் முப்பதும் வேண்டியதில்லை. மாவட்டத்தில் பார்மலினும், நேரத்தைக் குறித்துவைக்கும் ஊழியரும், மெழுகில் பதிக்கும் வசதியும் போதும். சில மாவட்டங்களுக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மூன்றையும் பார்க்கட்டும். மாநிலத்துக்கு ஓரிரு மையங்கள் முழுத் தொகுதியையும் பார்க்கட்டும். தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, மருந்துகளைக் கூட்டாகக் கொள்முதல் செய்து விலையைப் பெருமளவு குறைத்துக் காட்டியிருக்கிறது. எதிர்ப்பொருள்களையும் கரைசல்களையும் அதே வழியில் வாங்க எந்தத் தடையும் இல்லை. எந்த நிறுவனத்தின் கரைசலையும் ஏற்கும் எந்திரங்களையே அரசு வாங்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியின் முதல் நிபந்தனையாக்கலாம். தில்லியில் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனமும், புணேயில் தேசிய உயிரணு அறிவியல் மையமும் இருக்கும் நாடு, காப்புரிமையே இல்லாத ஒரு முறையில் எதிர்ப்பொருளைப் பொதுத்துறையில் தயாரிக்க இயலாது என்று சொன்னால் அது அறிவியலின் குறையாகாது.

பணம் எங்கே என்ற கேள்விக்கு ஒன்றிய அரசின் ஏடுகளே பதில் சொல்கின்றன. 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக உறுதியளித்தது. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, பெருந்தொற்றுக் கால ஒதுக்கீடும் சேர்ந்தே அது எட்டியது 1.84 விழுக்காடு. மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சட்டைப்பையிலிருந்து நேரடியாகப் போனது.

அந்தச் சட்டைப்பையில்தான் மெழுகுக் கட்டியும் பயணம் செய்கிறது. காசநோயாளிகளின் சளி மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் 2018இல் அஞ்சல் துறை சோதனை முறையில் ஈடுபடுத்தப்பட்டது. தொற்றும் அபாயமுள்ள சளியைச் சுமக்க முடிந்த அஞ்சல்காரரால், எந்தத் தொற்றும் பரப்பாத ஒரு கட்டை விரல் அளவு மெழுகைச் சுமக்க முடியும். பகல்நேரச் சிகிச்சை மையம் திறக்கப்படும் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும், அதற்கான உறையும் முகவரியும் முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும்.